நாலு பக்கமும் ஒலிக்கும் ஸ்பீக்கர்: வாங்கும் முன் வீட்டில் கேளுங்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நாலு பக்கமும் சத்தம் வரும் ஸ்பீக்கர் வாங்கலாமா சார்?" என்று இந்தச் சாரல் சீசனில் மட்டும் மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டீர்கள். விலை சில ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சங்கள் வரை போகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சாதாரண ஸ்பீக்கர் கூர்மையான ஒலிகளைப் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் அனுப்பும். ஆம்னி ஸ்பீக்கர் எல்லா ஒலிகளையும் வட்டமாகப் பரப்பப் பார்க்கிறது. அப்போது நம் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்புவது. ஆகவே ஸ்பீக்கர் எப்படி ஒலிக்கும் என்பதை உங்கள் ஹாலும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இதில் ஒரு பழைய வழக்கு உண்டு. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1968இல் 901 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதற்குள் 9 சிறு ஸ்பீக்கர்கள். 8 பின்சுவரைப் பார்த்திருக்கும். முழு ஆம்னி இல்லை, ஆனால் சுவரை நம்பும் அதே வழிதான். 1970இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், அதில் வாத்தியங்கள் பூதாகரமாகத் தோன்றி அறையில் அலைவதாக எழுதியது. நிறுவனம் வழக்குப் போட்டது. ஒலி அறை முழுக்க அலைந்ததா, இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே சுவர் நெடுக அலைந்ததா என்பதைக்கூட நீதிமன்றத்தில் விவாதித்தார்கள்! 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காதில் கேட்டதை வார்த்தையில் சொல்வது அவ்வளவு சிரமம். அடுத்தவர் எழுதிய விமர்சனத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கடையையும் நம்ப முடியாது. நான் ஒரு ஜோடியைக் கம்பளமும் திரையும் நிறைந்த ஷோரூமில் கேட்டு மயங்கி வாங்கினேன். இங்கே டைல்ஸ் தரை, வெறும் சுவர். பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார்! உங்கள் ஹாலில் ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'டிர்ர்' என்று ஒரு அதிர்வு நின்றால், முதலில் திரையும் பாயும் போடுங்கள். ஸ்பீக்கர் பிறகு.

ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாறும். பிறகு ஒற்றை ஸ்பீக்கரில் நன்கு தெரிந்த ஒரு குரலைக் கேளுங்கள். வீட்டுப் பிள்ளை பேசிய பதிவு போதும். அவன் குரலாகவே இருக்கிறதா?

அடுத்தது நம் ஊர்ச் சோதனை. ஐந்தருவி இரைச்சலை போனில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு ஸ்பீக்கரைச் சுற்றி நடங்கள். ஒரு பக்கம் 'ஸ்ஸ்' என்றும் மறுபக்கம் மந்தமாகவும் கேட்டால், பெட்டியில் 360 என்று எழுதியிருப்பது எழுத்து மட்டும்தான்.

சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தபடி பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். வயலின் இந்தப் பக்கம், மிருதங்கம் அந்தப் பக்கம் என்று நாற்காலியில் அமர்ந்து ரசிப்பவர்கள் சாதாரண ஜோடியே வாங்கலாம். என் கருத்து இது, சண்டைக்கு வரலாம்.

மூலையில் வைத்தால் பாஸ் வீங்கும், பக்கத்து வீட்டுச் சுவரையும் தாண்டும். இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து, பக்கத்து வீட்டாரிடமே கேட்டு வாருங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி 45 டெசிபல்தான் அளவு.

கடைக்காரரிடம் திருப்பித் தரும் அவகாசத்தை எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை. அந்த ஜோடி இன்னும் என் ஹாலில்தான் இருக்கிறது. ஞாயிறு காலை யாரும் வரலாம், தெரிந்த பாட்டு ஒன்றை போனில் கொண்டு வாருங்கள்.