அளவான ஆடை, தகுந்த ஆடை: அவுஸ்திரேலியாவில் வேலை தேடும் எம்மவருக்கு

(சிட்னியின் மேற்குப் பகுதியில், வேலை தேடும் தமிழருக்காக நடைபெற்ற தகவற் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விண்ணப்பம் எழுதும் முறை பற்றியும் நேர்முகப் பரீட்சையை எதிர்கொள்வது பற்றியும் எனக்கு முன்னர் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் மிகச் சிறியது போலத் தோன்றும். வேலைக்கு எதை உடுத்திச் செல்வது என்பதே அது. "இதற்கும் ஓர் உரை வேண்டுமா?" எனச் சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே எனது பதில்.

எம்மவர் மத்தியில் இரண்டு விதமான இழப்புகளைக் காண்கிறோம். ஒருவர் கடனட்டையில் பெருந்தொகைக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் வாங்கி, அவற்றை அணிந்துகொண்டு பண்டகசாலை வேலைக்கான நேர்முகத்துக்குப் போகிறார். இன்னொருவர் ஊரில் கணக்காளராக இருந்தவர். தகுந்த உடுப்பு இல்லையே என்ற கூச்சத்தில், தன் தொழிலுக்கு விண்ணப்பிப்பதையே தள்ளிப்போடுகிறார். முன்னவர் இழப்பது பணம். பின்னவர் இழப்பது ஆண்டுகள்.

இது இப்போது மேலும் முக்கியமாகிறது. தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தோர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என 2023 பெப்ரவரியில் அரசு அறிவித்தது. பத்தாண்டுக்கு மேலாகத் தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் காலங்கழித்த எம் உறவுகள் பலர், கற்ற தொழிலுக்குத் திரும்பலாமா என இப்போதுதான் சிந்திக்கத் தொடங்கியுள்ளனர். இன்னும் முடிவின்றிக் காத்திருப்போரும் எம்மிடையே உள்ளனர். இவர்கள் எவரும் உடுப்பின் பொருட்டு வாசலில் நின்றுவிடக் கூடாது.

அதேவேளை ஆடைக்கு இல்லாத ஆற்றலை அதற்கு ஏற்றிச் சொல்லவும் நான் விரும்பவில்லை. அலிசன் பூத், அன்ட்ரூ லீ, எலேனா வர்கனோவா ஆகிய ஆய்வாளர்கள் இந்நாட்டின் வேலை விளம்பரங்களுக்கு 4,000-க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். ஆங்கிலப் பெயருடையவர் பெறும் அளவு அழைப்புகளைப் பெறுவதற்கு, சீனப் பெயருடையவர் 68 விழுக்காடு கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மத்திய கிழக்குப் பெயருடையவருக்கு இது 64 விழுக்காடு. இந்த ஆய்வு 2012-இல் வெளியானது. முகத்தையும் உடையையும் காண்பதற்கு முன்னரே, பெயரைப் பார்த்துக் கதவு சாத்தப்படுகிறது என்பதே இதன் பொருள். அந்த அநீதியைக் கோட் அணிந்து தீர்க்க முடியாது. அதற்கான போராட்டம் வேறு. ஆனால் கதவு திறந்து உள்ளே அழைக்கப்பட்ட பின்னர், எமது கவனம் சொல்ல வந்த செய்தியில் இருக்க வேண்டும். தொளதொளத்த தோளிலும் இறுகிய கழுத்திலும் இருக்கக் கூடாது. நல்ல ஆடை என்பது அணிந்தவர் மறந்துவிடக்கூடிய ஆடை.

அதற்கு இரண்டு பொருத்தங்கள் தேவை. ஒன்று, இடத்தோடு பொருத்தம். மற்றது, உடலோடு பொருத்தம். விலை இவ்விரண்டுக்கும் பின்னரே வருகிறது.

முதலில் இடம். சிட்னி மார்ட்டின் பிளேஸ், மெல்பேர்ண் கொலின்ஸ் வீதி போன்ற இடங்களிலுள்ள சட்ட நிறுவனங்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் நேர்முகத்துக்குச் செல்பவர் கோட்சூட் அணிவது இன்றும் பாதுகாப்பான தெரிவு. அரச அலுவலகங்களிலும் கணினித் துறையிலும் தளர்வு அதிகம். 2020-இன் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின்னர் அது மேலும் கூடியிருக்கிறது. அங்கே கழுத்துப்பட்டி இல்லாத நல்ல சேர்ட்டும் துணிக் காற்சட்டையும், தேவைப்பட்டால் மேலே ஒரு கோட்டும் போதும். மருத்துவமனையிலும் முதியோர் பராமரிப்பிலும் ஒழுங்கு வேறு. நோயாளரைத் தொட்டுப் பணிபுரிவோர் முழங்கைக்குக் கீழே வளையல், கைக்கடிகாரம் எதுவும் அணியக் கூடாது எனப் பல மருத்துவமனைகள் விதித்துள்ளன; தொற்றைத் தடுப்பதே காரணம். முன்பக்கம் மூடிய, வழுக்காத சப்பாத்தும் வேண்டும். டண்டினோங் தொழிற்சாலையிலோ மேற்குச் சிட்னிப் பண்டகசாலையிலோ நேர்முகத்துக்குச் செல்பவர் சுத்தமான காற்சட்டையும் கழுத்துப் பட்டை வைத்த சேர்ட்டும் அணிந்து, உருக்கு முனைச் சப்பாத்தையும் உடன் கொண்டுசெல்வாராயின், அவர் வேலைக்கு ஆயத்தமாக வந்தவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

எந்த இடத்துக்கு எது என்பது தெரியாவிட்டால் கேளுங்கள். நேர்முகத்துக்கு அழைப்பவரிடம் "உங்கள் அலுவலகத்தில் எவ்வாறு உடுத்துவது வழக்கம்?" என வினவுவது இந்நாட்டில் குறைவாகக் கருதப்படுவதில்லை. இங்கே பிறந்தோருக்கும் இவ்விதிகள் தெளிவாக இல்லை என்பதற்குக் கன்பராவே சான்று. 2018 டிசம்பரில் ஊடகவியலாளர் பட்ரீசியா கார்வேலாஸ், கைப்பகுதி அதிகம் தெரிகிறது எனக் கூறி நாடாளுமன்றச் செய்தியாளர் மாடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அது தவறான முடிவு என்பதைச் சபாநாயகர் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது உடல். கடையில் கோட்டை அணிந்ததும் முதலில் தோளைப் பாருங்கள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியுமிடத்தில் முடிய வேண்டும். கைநீளத்தையும் இடுப்பையும் தையற்காரர் எளிதிற் குறைத்துத் தருவார். தோளைத் திருத்துவது கடினம், செலவும் அதிகம். ஆகவே தோள் பொருந்தாத கோட் எவ்வளவு மலிவாயினும் திருப்பி வைத்துவிடுங்கள். பொத்தானைப் பூட்டும்போது வயிற்றின் குறுக்கே மடிப்புகள் இழுபட்டால் அது இறுக்கம். கோட்டின் கைக்கு வெளியே சேர்ட்டின் கை ஒரு சென்ரிமீற்றர் அளவு தெரிய வேண்டும். சேர்ட்டின் கழுத்தைப் பூட்டிய பின்னர் ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு மூன்று விரல்கள் நுழைந்தால் அது உங்கள் சேர்ட் அல்ல. காற்சட்டையின் அடி, சப்பாத்தின் மேல் மெதுவாகத் தொட்டு நிற்க வேண்டும். குதிக்குக் கீழே மடிந்து கிடக்கக் கூடாது. பின்பு கதிரையில் அமர்ந்து பாருங்கள். கையை உயர்த்திப் பாருங்கள். நின்றபடி மட்டும் பார்த்து வாங்கிய உடுப்பு, இருந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஆண்களின் துணிக் காற்சட்டைகள் பெரும்பாலும் இடுப்பளவைச் சென்ரிமீற்றரிற் குறிக்கின்றன: 77, 82, 87, 92 என்றவாறு. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து உயரத்தைக் குறிக்கும். "ஆர்" என்பது வழமையான உயரம், "எஸ்" என்பது குட்டை, "எல்" என்பது நெடுமை. எம்மவரிற் பலர் "எஸ்" என ஒன்று இருப்பதை அறியாமல், பெரிய அளவை வாங்கிக் கீழே மடித்து அணிகின்றனர். பெண்களின் 8, 10, 12 என்ற எண்களோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எண்ணைப் பார்த்து மனம் வருந்த வேண்டாம். எண்ணை எவரும் காணப்போவதில்லை. மார்புக்குப் பொருந்தும் அளவை எடுத்து, இடுப்பைத் தைத்துச் சிறுப்பியுங்கள். பொத்தான்களுக்கிடையே துணி விரியும் மேற்சட்டையை விட அது மேலானது.

நிறத்திற் குழம்ப வேண்டியதில்லை. கடுநீலம் அல்லது கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கோட்சூட், வெள்ளையும் வெளிர்நீலமுமாக மூன்று சேர்ட்டுகள், கறுப்புத் தோற் சப்பாத்து ஒரு சோடி, அதே நிறத்தில் இடுப்புப்பட்டி. ஓராண்டுக்கு இவை போதும். துணியைப் பொறுத்தவரை மெல்லிய கம்பளியே சிறந்தது. பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. அத்தகைய மேற்குப் புறத்திலிருந்து தொடருந்தில் நகருக்குப் போவோர், பளபளக்கும் பொலியெஸ்ரர் துணியை ஒரு கோடைக்கு மேல் தாங்கமாட்டார்கள். மெல்பேர்ணில் ஒரே நாளில் வெயிலும் குளிரும் மழையும் வந்து போகும். அங்கும் மெல்லிய கம்பளி கைகொடுக்கும். இன்னுமொன்று: கம்பளி, தாளிதத்தின் வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். எமது சமையலுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் சமைக்கும்போது உடுப்பு அலுமாரியை மூடி வைப்பதும், வேலை உடுப்பை மாற்றிய பின்னர் அடுப்படிக்குள் நுழைவதும் நல்ல பழக்கங்கள்.

"ஒரே கோட்சூட்டை எத்தனை நாள் அணிவது?" என இளைஞர்கள் கேட்பதுண்டு. சிட்னியிலிருந்து ஒளிபரப்பாகும் "ருடே" நிகழ்ச்சியின் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிச், ஏறத்தாழ ஓராண்டாக ஒரே நீலக் கோட்சூட்டையே அணிந்து வந்ததாக 2014 நவம்பரில் வெளியிட்டார். நாடு முழுவதும் பார்க்கும் தொலைக்காட்சியில் எவரும் அதைக் கவனிக்கவில்லை! உடன் பணியாற்றிய லீசா வில்கின்சன் அணிந்த உடைகளைப் பற்றியோ ஓயாத விமர்சனங்கள் வந்தன. அந்த வேறுபாட்டை வெளிக்காட்டவே அவர் அவ்வாறு செய்தார். ஆண்களுக்கு இதிற் கிடைக்கும் செய்தி, அளவான ஒன்று போதும் என்பது. பெண்கள் மீது சுமத்தப்படும் நெருக்கடி பெரிது என்பதை நாம் அனைவரும் உணர வேண்டும்.

அந்த நெருக்கடியை உணர்ந்து உருவான அமைப்புகளும் உண்டு. மெல்பேர்ணில் 2005-இல் ரெனாற்றா சிங்கர், மரியன் வெப்ஸ்ரர் ஆகிய இருவரும் தொடங்கிய "ஃபிற்றட் ஃபோர் வேர்க்", வேலை தேடும் பெண்களுக்கு நேர்முக உடையையும் பயிற்சியையும் வழங்கியது. நியூயோர்க்கில் 1997-இல் நான்சி லப்ளின் தொடங்கிய "ட்ரெஸ் ஃபோர் சக்ஸஸ்" அமைப்பின் கிளை சிட்னியிலும் இயங்குகிறது. மெல்பேர்ணிலுள்ள புகலிடக் கோரிக்கையாளர் வள நிலையம் வேலை தேடுவோருக்கு வழிகாட்டுகிறது. வின்னிஸ், சல்வோஸ் போன்ற தொண்டு நிறுவனங்களின் பழைய உடுப்புக் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டுகள் மிக மலிவாகக் கிடைக்கும். பிறர் அணிந்ததை வாங்குவதா எனத் தயங்காதீர்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி புத்தம் புதியதைக் கேட்கவில்லை, தூய்மையைத்தான் கேட்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். இது எமது அடையாளத்தை விட்டுக்கொடுப்பது ஆகாதா? புதிய கேள்வி அல்ல இது. இலங்கையரின் ஐரோப்பிய உடை மோகத்தைக் கண்டித்து ஆனந்த குமாரசுவாமி 1905-லேயே எழுதினார். சென்னையில் 2014-இல் வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் கிரிக்கெற் சங்கக் கழகத்தில் அனுமதி மறுக்கப்பட்டபோது, அத்தகைய தடையை நீக்கத் தமிழக அரசு அதே ஆண்டிற் சட்டம் இயற்றியது. உடையின் பின்னால் அதிகாரம் இருப்பது உண்மையே. ஆனால் அளவறிந்து, காரணமறிந்து, நாமாகத் தெரிந்து அணிவது வேறு. தாழ்வுணர்ச்சியில் அணிவது வேறு. பொட்டு வைத்துக்கொண்டு அலுவலகம் செல்லலாம். பணிக்கு இடையூறு இல்லாத இடத்திற் சேலையும் அணியலாம். இனத்தின் பெயரால் வேலைத்தலத்திற் பாகுபாடு காட்டுவதை 1975-இன் இனப் பாகுபாட்டுச் சட்டம் தடை செய்கிறது. இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி கூடாது என்பது பாகுபாடு அல்ல. பொட்டு அழகாக இல்லை, எடு என்பது வேறு கதை. அதனைக் கேள்வி கேட்கலாம்.

உரிமைகள் பற்றிச் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதுகாப்புக் கவசங்களுக்காகத் தொழிலாளியிடம் பணம் அறவிடுவதை நியூ சவுத் வேல்ஸின் 2011 வேலைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சம்பளத்தின் ஒரு பகுதியை நியாயமற்ற முறையிற் செலவழிக்குமாறு தொழிலாளியை வற்புறுத்த முடியாது என 2009-இன் ஃபெயார் வேர்க் சட்டம் கூறுகிறது. தன் கடையின் உடுப்பையே வாங்கி அணியச் சொல்லும் முதலாளிக்கும் இது பொருந்தக்கூடும். சந்தேகம் இருப்பின் ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 என்ற இலக்கத்தில் அழையுங்கள். ஆங்கிலம் தடையாயின் முதலில் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வரியைப் பொறுத்தவரை, சாதாரண கோட்சூட்டின் செலவைக் கழிக்க முடியாது, முதலாளி அணியச் சொல்லியிருந்தாலும். நிறுவனச் சின்னம் பொறித்த கட்டாயச் சீருடை, பாதுகாப்பு உடை ஆகியவற்றின் செலவைக் கழிக்கலாம். அவற்றின் சலவைச் செலவை 150 டொலர் வரை பற்றுச்சீட்டின்றிக் கோரலாம். ஆனால் கணக்கிட்ட முறையைக் காட்ட வேண்டும்.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் தொழில் நிலைபெற்ற பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரிகளில் அளவு மாறியதால் ஆண்டுக்கணக்கிற் தொங்கும் கோட்டுகள் இருக்கின்றன. எங்கள் வீடுகளிற் தையல் கற்ற அம்மாமாரும் அக்காமாரும் இருக்கின்றனர். நேற்று வந்து இன்று வேலை தேடும் தம்பி, தங்கையரும் இருக்கின்றனர். இம்மூவரையும் ஓரிடத்திற் சேர்ப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. மாதத்துக்கொரு சனிக்கிழமையும், ஒரு நிலைக்கண்ணாடியும், அளவுநாடாவும் போதும். கொடுப்பவர் தருமம் செய்வதாக எண்ணாமலும், பெறுபவர் கூசாமலும் அது நடைபெற வேண்டும். நன்கு பொருந்திய கோட் ஒன்றை அணிந்து கண்ணாடி முன் நிற்கும் ஒருவருக்கு, தான் முன்னர் யாராக இருந்தேன் என்பது நினைவுக்கு வரும். அந்த நினைவோடு அவர் நேர்முகத்துக்குப் போகட்டும்.