கட்டவிழும் கட்டுமரம்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடற்கரையே இல்லாத அரியலூர், பெரம்பலூர் மண்ணில் நின்று கடற்கலத்தைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பாகலாம். கடாரங்கொண்ட இராசேந்திரச் சோழனின் தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரம் இம்மண்ணில்தான் உள்ளது. 1025ஆம் ஆண்டு கடல் கடந்த அவன் படையின் ஆயிரமாண்டு நிறைவு, 2025ஆம் ஆண்டில் அங்கே பெருவிழாவாயிற்று. விழா எடுத்தது நன்று. ஆனால், அப்படையின் கலங்களுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை.

எஞ்சியிருப்பது கொள்ளிடம் கடலொடு கலக்கும் கரை முதலாகப் பரதவர் கையாண்டு வந்த கட்டுமரம். எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, அடுக்கி, கயிற்றால் பிணிப்பர், ஆணி இல்லை. கரைசேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஒரு மரம் பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றிக் கட்டினால் போதும். புதுக்கிக் கொள்ளும் வழியைத் தன்னுள்ளேயே கொண்ட கலம் அது!

ஆங்கிலேயராகிய தாம்பியர் 1697ஆம் ஆண்டு வெளியிட்ட செலவுநூலிலேயே இப்பெயர் ஏறிவிட்டது. இன்று ஈருடல் கொண்ட மேலைநாட்டுக் கலங்கட்கும் அப்பெயரே. பெயரை உலகம் காத்தது. கலத்தைத் தமிழகம் கைவிடுகின்றது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் துயர்துடைப்பாகக் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தன. அவற்றை ஏற்ற மீனவரைக் குறைகூறுதல் அறமன்று. பிழைப்புக்கு விரைவு வேண்டும். ஆயினும், கட்டுமரம் கரையேறினால் அதனொடு கட்டும் முறையும் மறையும். அணியம், நீவாடு, கொண்டல், சோழகம் என்னும் சொற்களும் மறையும். அகரமுதலியில் அச்சேறிய சொல் உயிர்வாழும் சொல்லாகாது. வாயில் வழங்க வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழைமையுடைய கல்மரம் வேலியிட்டுக் காக்கப்படுகின்றது. கல்லான மரத்துக்கு வேலி போதும். கட்டுமரத்துக்கு வேலி போதாது. கட்டத் தெரிந்த கை வேண்டும்! அருங்காட்சியகத்தில் கிடத்திய கட்டுமரம் கயிறு இற்றதும் வெறும் விறகு.

ஆதலின், கட்டத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அவர்தம் சொற்கள் தொகுக்கப்பெறல் வேண்டும். காட்சிக்கு வைக்கும் கட்டுமரத்தை ஆண்டுக்கொரு முறையேனும் அவர்களே அவிழ்த்துக் கட்ட, இளையோர் உடனிருந்து கற்றல் வேண்டும். அதற்குரிய கூலியும் மதிப்பும் அம்முதியோர்க்கு முறையாகச் சேர்தல் வேண்டும்.

கடாரம் வென்ற பெருமையைப் பேசும் தமிழன், ஒரு கட்டுமரத்தின் முடிச்சைக் காக்கட்டும்! முடிச்சு அவிழ்ந்தபின் பெருமை எதில் மிதக்கும்?