அம்மா வைத்திருந்த கல்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உங்கள் வாழ்க்கை அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். நாலு வார்த்தையில் முடிக்கிற பழக்கம் நம் செட்டுக்கு எப்போது இருந்தது? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் விக்கிரமங்கலம். புத்தர் சிலையும் சமணச் சிற்பங்களும் உள்ள பழைய ஊர். 1970இல் நிலவியல் படிக்கத் திருச்சிக்குப் புறப்பட்டேன். அரியலூர் வரை பஸ், பிறகு ரயில். வழியில் மருதையாறு. 1956 நவம்பரில் அங்கே நடந்த ரயில் விபத்தையும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையும் மூத்தவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு தடவை நான் கிளம்பும்போதும் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைப்பார். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு. அந்தக் கோயிலில் கம்பத்தைத்தான் கலியுக வரதராசப் பெருமாளாகக் கும்பிடுகிறார்கள்.

அம்மா பிறந்ததும் அந்தப் பக்கம்தான். தாத்தா கிணறு வெட்டியபோது சக்கரம் போல் சுருண்ட ஒரு கல் கிடைத்தது. அம்மா அதைச் சீதனம் போலக் கொண்டுவந்து பூஜை மாடத்தில் வைத்துப் பொட்டு வைத்தார். முதல் வருஷ லீவில் போனவன் சும்மா இருப்பேனா?

"அம்மா, இது சாமி இல்லை. அம்மோனைட். கணவாய் மீனுக்கு உறவு. ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடல் இருந்துச்சு."

அம்மா சிரித்தார். "அம்மாம் பெரிய கடலே போயிடுச்சு. இது போகாம நம்ம வீட்டுக்கு வந்திருக்கேடா. அப்ப சாமிதானே?"

படிப்பு முடிந்து இரண்டு வருஷம் டுடோரியலில் பாடம் எடுத்தேன். ஆறு வருஷம் ஆந்திரத்துச் சுரங்கங்களில் வேலை. 1981 முதல் ஓய்வு பெறும்வரை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் 1862இலேயே நம் பகுதிப் பாறைகளைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் நிலவியல் புத்தகங்களில் அரியலூர் ஒரு பாறைத் தொகுதியின் பெயர். அதற்குள் ஓர் அடுக்கின் பெயர் கல்லங்குறிச்சி. சிப்பி சிப்பியாகப் படிந்து உண்டான சுண்ணாம்புக்கல் அது. சிமெண்டுக்கு அதுதான் மூலப்பொருள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒருநாள் வெடி வைத்த பிறகு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு அம்மோனைட் முழுசாகத் தெரிந்தது. "எடுத்து வைக்கலாமா சார்?" என்று ஒரு தொழிலாளி கேட்டார். லாரி நிற்கிறது, ஷிப்ட் முடியப்போகிறது. "நேரமில்லை, விடுப்பா" என்றேன். அது கிரஷருக்குப் போயிற்று. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதன் அருமை தெரிந்து படித்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

அந்த வேலைதான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது, அதையும் மறக்கவில்லை. நான் ஷிப்டு ஷிப்டாக ஓடியபோது வீட்டையும் முந்திரிக் கொல்லையையும் கட்டிக் காத்தவர் என் மனைவி. 2004இல் மகள், ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். விஞ்ஞானம் பேசிய நான் மூன்று மாசம் மகளோடு பேசவில்லை. வீரமாமுனிவர் தங்கித் தமிழ்ப்பணி செய்த ஊர் ஏலாக்குறிச்சி என்று மேடையில் பேசியிருக்கிறேன். என் வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பேச்சு உதவவில்லை. அம்மாதான் முடித்து வைத்தார். "அடைக்கல மாதான்னு ஒரு அம்மாவைக் கும்பிடுற வீடுடா. பொண்ணு நல்லாத்தான் இருப்பா. நீ போய்ப் பேசு." போனேன். மகள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அம்மா 2011இல் காலமானார். கல் இப்போது எங்கள் மாடத்தில் இருக்கிறது. பொட்டு வைப்பது மனைவி, தூசி தட்டுவது நான். போன லீவில் பேத்தி கேட்டாள், "தாத்தா, இது சாமியா, ஃபாசிலா?"

"உன் கொள்ளுப்பாட்டிக்குச் சாமி. அவங்க சாமின்னு வச்சதாலே இது இருக்கு. தாத்தா கல்லுன்னு பார்த்ததெல்லாம் சிமெண்டாப் போச்சும்மா" என்றேன்.

இப்போது முடிந்தபோதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வாரணவாசி அருங்காட்சியகத்துக்கும், சாத்தனூர் கல்மரத்துக்கும் கூட்டிப் போகிறேன். செய்த பிழைக்கு ஈடாகாது, தெரியும். நம் துறையில் படித்துச் சுரங்க வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். ஒரு தொழிலாளி "எடுத்து வைக்கலாமா?" என்று கேட்டால், லாரியை ஒரு அரைமணி நேரம் நிறுத்துங்கள்.