காவற்கடனும் பொருள்வளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு மேடைப் பழக்கம் இல்லை. படிப்பும் பத்தாவதோடு நின்றது. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

2022-ஆம் ஆண்டு சூன் 17 அன்று செகந்திராபாத் நிலையத்தில் நிகழ்ந்ததை இக்காலனியில் அறியாதார் இல்லை. அக்னிபத் திட்டத்தை எதிர்த்துத் திரண்ட இளைஞர் கூட்டம் வண்டிப் பெட்டிகளுக்குத் தீ வைத்தது. துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் மாண்டார். தீ வைத்தது குற்றமே. அதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும் அவர்கள் யார்? தெலங்கானாவின் சிற்றூர்ப் பிள்ளைகள். உடற்தகுதித் தேர்வில் தேறி, எழுத்துத் தேர்வை எதிர்நோக்கி நெடுநாள் காத்திருந்தோர் பலர். மூன்று நாள் முன்னர்தான் புதிய திட்டம் வெளியாயிற்று. நான்காண்டுப் பணி, அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரை நிலைபெறுவர், ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வீடு திரும்புவர், ஓய்வூதியம் இல்லை. 2004 சனவரிக்குப் பின் இரயில்வேயிற் சேர்ந்து, பழைய ஓய்வூதியத்தைக் காணாத நம்போன்றோர்க்கு அந்தக் குமுறல் விளங்காததன்று.

அன்று நம் உள்ளத்தில் முதலில் எழுந்த எண்ணத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். "நல்லவேளை, நம் காலனிப் பையன் எவனும் அக்கூட்டத்தில் இல்லை" என்று மகிழ்ந்தோம். இரவு உறக்கம் வரவில்லை. ஏன் இல்லை? நம் பிள்ளைகள் ஒழுக்கத்திற் சிறந்தவர் என்பதாலா? படையிற் சேர நிற்போர் வரிசையிலேயே அவர்கள் இல்லை, அதுதான் காரணம்.

இத்தனைக்கும் நாம் குடியிருப்பது படையால் உண்டான ஊர். 1798-இல் நிசாம் கும்பினியாரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக வந்த படைக்கு அமைந்த பாளையம் இது. 1806-இல் சிக்கந்தர் சா பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. சென்னைப் படையை ஒட்டித் தமிழரும் வந்தனர். சிப்பாயாக வந்தவரும் உண்டு; மூட்டை சுமக்கவும் சமைக்கவும் வந்தவரும் உண்டு; சரக்களித்துப் பொருள் ஈட்டியவரும் உண்டு.

விழாதோறும் இம்மேடையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மறக்குடித் தாயைப் புகழக் கேட்கிறோம். தமையனையும் கணவனையும் களத்தில் இழந்தவள், ஒரே மகனையும் போருக்கு விடுத்தாள் என்பது அப்புறநானூற்றுப் பாட்டின் செய்தி. நாமும் கைதட்டுகிறோம். அவள் கூலிக்காக அனுப்பவில்லை. தன் குடிக்கு உரிய கடன் என்று அனுப்பினாள். குடிப்பெருமை உடையோர் தமதென்று கொண்டாடிய அக்கடன், இன்று மாதச் சம்பளம் இன்றியமையாத வீட்டுக்கென ஒதுங்கிவிட்டது. அதிகாரிகளாகச் செல்லும் நடுத்தர வீட்டார் இல்லாமல் இல்லை. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைப்பர்; தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர் அது. ஆனால் அத்தகைய ஊர்கள் எத்தனை?

நம் அரசியற் சட்டம் இதனை எண்ணாமல் இல்லை. அதன் 23-ஆம் பிரிவு, பொதுநலனுக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசுக்கு இடமளிக்கிறது; விதித்தால் சமயம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கி வேற்றுமை காட்டலாகாது என்கிறது. படைப்பணியில் கட்டாயம் விதிக்கப்படவில்லை. ஆகவே வேற்றுமை காட்டும் வேலையும் அரசுக்கு இல்லை. வயிறே ஆளைப் பிரித்துவிடுகிறது.

வெளிப்படையாகவே பணம் வாங்கிக்கொண்டு விலக்களித்த நாடும் உண்டு. உள்நாட்டுப் போரின்போது 1863-இல் அமெரிக்காவில், 300 டாலர் கட்டியவர் படைக்குச் செல்ல வேண்டியதில்லை என்று சட்டம் செய்தனர். அவ்வாண்டு சூலையில் நியூயார்க்கில் கலவரம் மூண்டது. ஏழைகளின் ஆத்திரம் ஒரு பாவமும் அறியாத கறுப்பின மக்கள்மீதும் பாய்ந்தது. சிங்கப்பூரிலோ 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். பெருவணிகர் மகனும் டாக்சி ஓட்டுநர் மகனும், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, பயிற்சிக்குச் செல்கின்றனர். சிறிய நாட்டு முறை இப்பெருநாட்டுக்குப் பொருந்தும் என்று நாம் வாதிட வரவில்லை.

இனி நம் வீட்டுச் செய்தி. சென்ற ஆண்டு, பதினெட்டு நிரம்பிய எம் மகன், "அப்பா, அக்னிவீரனாகச் சேர விண்ணப்பிக்கட்டுமா?" என்று கேட்டான். நான்காண்டில் திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்றோம். வங்கித் தேர்வுக்குப் படி என்றோம். அவன் தாய் அழுதாள். பையன் அதற்குமேல் பேசவில்லை.

அதே ஆண்டு, அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் டிராக்மேன் ஒருவரின் மகன் தேர்வாகிப் புறப்பட்டான். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். நிலையத்துக்குச் சென்று நாமே மாலையிட்டோம், படமும் எடுத்துக்கொண்டோம். வண்டி நகர்ந்தபின் அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "உங்க பையன் என்ன சார் படிக்கிறான்?" என்றார். "பேங்க் பரீட்சைக்கு" என்றோம். "நல்லது சார்" என்றார். அச்சொல்லில் ஏளனம் சிறிதும் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வரும்போது மகன் மீண்டும் கேட்கக்கூடும். என்ன விடை சொல்வதென்று நாமும் மனைவியும் இன்னும் பேசி முடிக்கவில்லை.