சுவர் தாண்டும் நாய்

உங்கள் வீட்டு நாய் கொல்லைப்புறச் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிடுகிறதா? உடனே கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். முதலில் சுவரோரம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். துணி துவைக்கிற கல், விறகுக் கட்டு, தண்ணீர் டிரம், அடுக்கி வைத்த செங்கல். இவைதான் நாய்க்குப் படிக்கட்டு. பல நாய்கள் ஒரே தாவலில் தாண்டுவதில்லை, எதிலாவது கால் வைத்துத்தான் ஏறுகின்றன. சுவரை உயர்த்தும் முன் அந்தப் படிக்கட்டை நகர்த்துங்கள்.

சுவர்மேல் கண்ணாடிச் சில்லு மட்டும் பதிக்காதீர்கள். நாய் அப்போதும் தாவும். வயிறு கிழிந்துவிடும், பாவம்.

சரி, அது ஏன் ஓடுகிறது? சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு நாய்கள் முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. நாள் முழுக்கக் கொல்லையில் சும்மா கிடக்க அவற்றால் முடியாது. காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போங்கள். கால் சலிக்க நடக்கட்டும். ஆண் நாய் என்றால் கருத்தடை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். துணை தேடி ஓடுவது குறையும்.

இன்னொன்று. திரும்பி வந்த நாயை அடிக்காதீர்கள். ஓடியதற்காக அடி என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததற்காக அடி என்றுதான் நினைக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் வையுங்கள்.