சிறு மணியின் எச்சரிப்பு
(வடகரை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



மருந்துக்கும் கட்டிலுக்கும் போகவேண்டிய காணிக்கையில் ஒரு பங்கை டிரான்ஸ்பார்மர் பாதுகாப்புக்கு ஏன் ஒதுக்கவேண்டும் என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆப்பரேஷன் தியேட்டர் விளக்கும், குறைமாதக் குழந்தையின் இன்குபேட்டரும் அந்த ஒரே இரும்புப் பெட்டியை நம்பியிருக்கின்றன. ஜெனரேட்டர் சில மணி நேரம் தாங்கும். டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் மாற்று வந்து சேரப் பல நாட்களாகும்.

அதன் உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. எண்ணெய் சூட்டைத் தணிக்கிறது. மின்சாரம் தாவாமலும் காக்கிறது. உள்ளே ஓர் இணைப்பு தளர்ந்தாலோ, காப்புக் காகிதம் கருகினாலோ வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சூட்டில் எண்ணெய் சிதைந்து, வாயுக் குமிழிகள் மேலே எழும்பும். 1921-இல் ஜெர்மானியப் பொறியாளர் மாக்ஸ் புக்கோல்ஸ் அந்தக் குமிழிகளையே சாட்சியாக்கினார்.

பெரிய டிரான்ஸ்பார்மரின் தொட்டியையும் அதன் மேலுள்ள சிறு எண்ணெய்க் கலத்தையும் இணைக்கும் குழாயில் அவருடைய ரிலே அமைகிறது. அதில் இரண்டு மிதவைகள் உண்டு. வாயு மெல்லச் சேர்ந்தால் மேல் மிதவை இறங்கி மணி அடிக்கும். பெரும் பழுது நேர்ந்து எண்ணெய் வேகமாய்ப் பாய்ந்தால் கீழ்ப்பகுதி அசைந்து மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

அடித்த மணியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வதுதான் ஆபத்து. சேர்ந்த வாயுவைப் பயிற்சி பெற்றவர் எடுத்துச் சோதிக்கவேண்டும். வெறும் காற்றானால், எண்ணெயை வடிகட்டியபோது புகுந்ததாயிருக்கலாம். அசெட்டிலீன் இருந்தால் உள்ளே தீப்பொறி பறந்திருக்கிறது என்று அறியலாம். காரணம் கண்டு சரிசெய்யும்வரை மீண்டும் மின்சாரம் கொடுக்கலாகாது.

நம் பகுதிக்கு இன்னொரு காரியமும் உண்டு. குற்றாலச் சாரல் காலத்தில் காற்றெல்லாம் ஈரம். எண்ணெய் சூடேறி ஆறும்போது டிரான்ஸ்பார்மர் வெளிக்காற்றை இழுக்கிறது. அந்த ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கின்றன. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றவேண்டும். இதை ரிலே சொல்லாது. மனிதர் நடந்துபோய்ப் பார்க்கவேண்டும்.

ஆகவே கருவிக்கு மட்டுமல்ல, எண்ணெய்ப் பரிசோதனைக்கும் பணியாளர் பயிற்சிக்கும் சேர்த்தே கேட்கிறோம். கட்டில் கொடுத்தவர் பெயரைக் கட்டிலில் எழுதுகிறோம். இதற்குக் கொடுப்பவர் பெயரை எழுத இடமில்லை. ஆனாலும் கொடுங்கள் என்று அன்புடன் வேண்டிக்கொள்ளுகிறோம்.