தொங்கல் காம்பராவில் பல்ப் ஏன் மங்குது?
(பிள்ளை மடுவத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



"ஐயா, ஆறு மணியானா எங்க பல்ப் மட்டும் மங்குது, பல்ப் பழுதா?" என்று தொங்கல் காம்பரா அம்மா ஒருவர் கேட்டார். பல்ப் நல்ல பல்ப்தான். பழுது வயரில்.

நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். அது 207 ஆகக் குறைந்தால் குண்டு பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்ச 23 வோல்ட் எங்கே போகுது? வழியில் வயரைச் சூடாக்குது.

சில லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா மெல்லிய வயரை முறுக்கி இழுத்திருக்கிறோம். வயர் நீளமானாலும் மெல்லிசானாலும் தடை கூடும். வேலைவிட்டு வந்து ஒரு வீட்டில் 2000 வாட் கேத்தல் போட்டால், 60 வாட் பல்ப் முப்பதுக்கு மேல் எரிகிற கரண்ட் அந்த ஒரே வயரில் ஓடும். அப்போது 23 வோல்ட் தொலைந்தால் வழியில் ஏறக்குறைய 180 வாட் சூடு. முறுக்கு தளர்ந்திருந்தால் அந்தச் சூடு அங்கேயே சேரும். மேலே பலகை, பக்கத்தில் விறகு! டேப் கருகிய முறுக்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

எல்.ஈ.டி. போட்டவர்கள் "எங்களுக்கு மங்கலையே" என்று இருந்துவிட வேண்டாம். அந்தப் பல்ப் பலதும் வோல்ட் குறைந்தாலும் அதே மாதிரி எரியும். வயர் சூடாவது சூடாவதுதான்.

பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஆளனுப்புங்கள். தம்பிமாரே, நீங்களாக டேப் சுற்றப் போகாதீர்கள். காம்பராவுக்குத் தனி வயர் கேட்டு எழுதும் கடிதத்துக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து எடுக்கிறேன். அதுவரை ஒரு வீட்டில் கேத்தல் இறக்கிய பிறகு அடுத்த வீட்டில் போடுங்கள்.